கணவர் ஊரில், வழக்கு சிங்கப்பூரில்: விவாகரத்து பேப்பரை எப்படிச் சேர்ப்பது?

ஈசூனில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த அக்கா ஒருவர் தன் கைபேசியை என் பக்கம் திருப்பினார். "பாருங்க தம்பி, ரெண்டு நீல டிக்கும் விழுந்திருச்சு. அவர் படிச்சுட்டார். இனிமே கேஸ் நடக்கும்தானே?" திரையில் அவருடைய விவாகரத்து மனு. சாப்பாட்டு மேசையின் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஒவ்வொரு பக்கமாக வைத்துப் படம் எடுத்து, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் கணவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். சில பக்கங்களில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. அவ்வளவு பாடுபட்டு அனுப்பியவரிடம் "அக்கா, இது செல்லாது" என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். இந்த ஒரு கட்டத்தில் நம் ஆட்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டு தவிப்பதை நிறையப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கு என்ன சரி என்பதை உங்கள் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போய் உட்காரும்போது அவர் பேசுவது புரிய வேண்டும் என்பதற்காக இது.

'சர்வ் பண்ணுவது' என்று எல்லோரும் சொல்லும் சொல்லுக்குப் பொருள் இதுதான்: உங்கள் மேல் இன்ன வழக்கு போடப்பட்டிருக்கிறது, இத்தனை நாளுக்குள் பதில் சொல்லலாம் என்பதை எதிர்த்தரப்புக்கு நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் முறையில் தெரிவித்து, தெரிவித்ததற்கு ஆதாரமும் வைத்திருப்பது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் 'சார்பு செய்தல்' என்பார்கள். அந்தப் பேப்பர்க் கட்டுக்குள் மனு, அதன் இணைப்புகள், பதில் சொல்வதற்கான படிவம் எல்லாம் சேர்ந்திருக்கும். ஒருவருக்குத் தெரியாமலேயே அவருடைய திருமணத்தை நீதிமன்றம் முறித்துவிடக் கூடாது, அவர் வாயைத் திறக்க ஒரு வாய்ப்பு கொடுத்தாக வேண்டும் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் நியாயம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "அவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார், அப்போ எனக்கு விவாகரத்தே கிடைக்காதா?" என்று எத்தனையோ பேர் கலங்கிப் போய்க் கேட்டிருக்கிறார்கள். பேப்பர் அவரிடம் முறையாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அவர் சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கிவிட்டு ஒரு பதிலும் சொல்லாமல் இருந்தால், குறித்த நாள் கழிந்த பிறகு அவர் இல்லாமலேயே வழக்கைக் கொண்டுபோகலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பதில் சொல்லக் கூடுதல் நாட்கள் கிடைக்கும். எத்தனை நாள் என்பது உங்கள் பேப்பரிலேயே இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கணவனோ மனைவியோ வெளிநாட்டில் இருக்கிறார் என்பதால் சிங்கப்பூரில் வழக்குப் போட முடியாது என்பதும் தவறு. உங்கள் இருவரில் ஒருவர் சிங்கப்பூரையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவராக இருந்தாலோ, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 3 வருடம் இங்கே வழக்கமாக வசித்தவராக இருந்தாலோ மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டத்தின்படி இங்குள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். கல்யாணமாகி 3 வருடம் ஆகியிருக்க வேண்டும்; அதற்கு முன்பு என்றால் விதிவிலக்கான கஷ்டம் என்று காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும். முஸ்லிம் முறைப்படி திருமணம் செய்துகொண்ட தம்பதியர் ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே நடைமுறை வேறு, ஆகையால் இந்தக் கட்டுரையை அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 அக்டோபர் 15 முதல் குடும்ப நீதிமன்றத்தின் விதிகள் மாறிவிட்டன. வழக்கைத் தொடங்கும் பேப்பர், முன்பு 'ரிட்' என்று சொன்னது, இப்போது 'ஒரிஜினேட்டிங் அப்ளிகேஷன்' ஆகிவிட்டது, வாதியும் பிரதிவாதியும் 'அப்ளிகன்ட்', 'ரெஸ்பாண்டன்ட்' ஆகிவிட்டார்கள். பழைய படிவத்தைத் தோழி அனுப்பினாள் என்று அதையே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரொம்ப சுலபமான வழியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அதைக் கேட்டுப் பார்க்காமலேயே கஷ்டமான வழிக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் கணவர் அல்லது மனைவியுடன் இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறதா? இருந்தால், சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞரை வைத்து, தன் சார்பில் பேப்பரை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரால் அதிகாரம் கொடுக்க முடியும். அந்த வழக்கறிஞர் வாங்கிக்கொண்டால் போதும், பேப்பர் கடலைத் தாண்டவே வேண்டாம். இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் இன்னும் நல்லது. 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர சம்மதத்தின் பேரில், யார் மேலும் பழி சொல்லாமல் விவாகரத்து கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட வேண்டியவற்றை ஊரில் நோட்டரி முன்னிலையில் போட வேண்டியிருக்கும். எப்படிப் போட வேண்டும் என்று இங்குள்ள வழக்கறிஞரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி அனுப்புங்கள். ஒரு முத்திரை தவறினால் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, அவர் சிங்கப்பூர் வருவாரா? பிள்ளையைப் பார்க்க, வேலை அனுமதி வேலையாக, தீபாவளிக்கு, தங்கை கல்யாணத்துக்கு? வந்தால் இங்கேயே கையில் கொடுத்துவிடலாம். வெளிநாட்டுச் சிக்கல் ஒன்றும் இல்லை, சாதாரண உள்ளூர் சேர்ப்பித்தல்தான். தேதியை முன்னாலேயே வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள். ஆனால் ஒன்று, நீங்களே கொடுக்கக் கூடாது. வழக்குப் போட்டவர் தன் கையால் கொடுப்பதை நீதிமன்றம் ஏற்காது. வழக்கறிஞர் அலுவலக ஆளோ பேப்பர் சேர்ப்பிப்பதையே தொழிலாகச் செய்பவரோ கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பியை அனுப்பாதீர்கள் என்பது என் சொந்த ஆலோசனை. வாசலில் பேச்சு வளர்ந்து, கைகலப்பாகி, அப்புறம் அது ஒரு தனிக் கேஸாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கப் போகிறவருக்கு அந்த மனிதரை அடையாளம் தெரிய வேண்டும். அதனால்தான் அலுவலகத்தில் கல்யாணப் போட்டோ கேட்பார்கள். மாலையும் கழுத்துமாக, பாதி முகத்தைப் பூ மறைத்த 15 வருடத்துக்கு முந்தைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது? அண்மையில் எடுத்த, முகம் தெளிவாகத் தெரியும் படமாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்தவர், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரென்று எப்படித் தெரிந்துகொண்டார் என்பதையெல்லாம் சத்தியப் பிரமாணமாக, அதாவது அஃபிடவிட்டாக, எழுதித் தாக்கல் செய்வார். அந்த ஒரு தாள் இல்லையென்றால், பேப்பர் போய்ச் சேர்ந்தது கடவுளுக்குத் தெரிந்தாலும் நீதிமன்றத்துக்குத் தெரியாது.

இனி இந்தியா. இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு நாட்டு நீதிமன்றத்தின் பேப்பரை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த நாட்டின் அதிகாரத்துக்குள் கால்வைப்பது மாதிரி. அதனால் 1965-ல் நாடுகள் ஒன்று கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. ஹேக் சர்வீஸ் கன்வென்ஷன் என்று பெயர். ஒவ்வொரு நாடும் ஒரு மத்திய அதிகார அமைப்பை நியமிக்கும். வெளிநாட்டுப் பேப்பர் அந்த வாசல் வழியாக வரும். அது உள்ளூர் முறைப்படி கொடுத்துவிட்டு ஒரு சான்றிதழைத் திருப்பி அனுப்பும். இந்தியாவில் இந்த ஒப்பந்தம் 2007 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம், நீதி அமைச்சகம்தான் அங்கே அந்த வாசல். சிங்கப்பூருக்கு இது 2023 டிசம்பர் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது, இங்கே சட்ட அமைச்சு. ஆகவே "என் அக்கா 2018-ல் இப்படித்தான் செய்தாள், ஒண்ணும் ஆகலை" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரியாக இருக்கலாம், உங்களுக்குச் சரியாக இருக்காது.

இந்த ஒப்பந்தத்தில் தபால் மூலம் நேரடியாக அனுப்புவது போன்ற குறுக்கு வழிகளும் உண்டு, ஆனால் ஒரு நாடு அவற்றை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். இந்தியா அப்படிச் சொல்லியிருக்கிறது. எனவே இங்கிருந்து பதிவுத் தபாலில் அனுப்புவது, ஊரில் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வது எல்லாம் இந்தியாவின் கண்ணில் முறையான சேர்ப்பித்தல் ஆகாது. உங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தின் மூலமாகக் கோரிக்கைப் படிவத்தோடு இந்திய மத்திய அமைப்புக்கு அனுப்புவதுதான் பிற்காலத்தில் யாரும் கைவைக்க முடியாத வழி. கோரிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும், சிங்கப்பூர்ப் பேப்பர்கள் ஏற்கனவே ஆங்கிலம்தான், அதனால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. டெல்லியில் இருந்து அந்தக் கட்டு சம்பந்தப்பட்ட மாவட்ட நீதிமன்றத்துக்கு இறங்கும், அங்கிருந்து நமக்கெல்லாம் தெரிந்த நீதிமன்ற அமீனா சைக்கிளிலோ பைக்கிலோ வீடு தேடிப் போவார். அந்த வீட்டுக்காரர் வாங்க மாட்டேன் என்றால் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டியதை எழுதிக்கொண்டு வர இந்தியச் சட்டத்தில் இடம் உண்டு.

இதற்கு மாதக்கணக்கில் ஆகும். இதைக் கேட்டதும் எல்லோர் முகமும் வாடிப்போகும், எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் காலத்தில் பெரும்பகுதியை வீணாக்குவது எது தெரியுமா? முகவரி.

அந்த அக்கா கொடுத்த முகவரியில் கணவர் பெயர், 'வடக்குத் தெரு, மாரியம்மன் கோவில் எதிரில்', ஊர் பெயர், அவ்வளவுதான் இருந்தது. தபால்காரருக்கு அது போதும், அவர் அந்தத் தெருவில் பிறந்தவர். டெல்லியில் கோப்பைப் பிரிப்பவருக்கு எந்த மாவட்டம் என்றே தெரியாது. அன்று காப்பி ஆறுவதற்குள் இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தி எழுதினோம்: முழுப் பெயர், ஆதாரில் இருப்பது மாதிரி, தகப்பனார் பெயர், ஏனென்றால் அதே தெருவில் அதே பெயரில் இன்னும் இருவர் இருந்தார்கள், பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும், தெரு, கிராமம், தபால் நிலையம், வட்டம், மாவட்டம், ஆறு இலக்கப் பின்கோடு, கைபேசி எண். புதிய கதவு எண்ணுக்காக ஊரில் ஒரு சித்தியைக் கூப்பிட்டு மின்கட்டண ரசீதைப் படிக்கச் சொன்னோம். அவர் வேலைக்காக வேறு ஊரில் இருந்தால் அந்த முகவரியும் வேண்டும். சேர்க்க முடியவில்லை என்று கட்டு திரும்பி வந்தால், திருத்தி மறுபடி அனுப்ப முதலில் இருந்தே காத்திருக்க வேண்டும். அதற்குள் மனுவின் செல்லுபடிக் காலம் முடியப் போகிறது என்றால் முடிவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

இலங்கையும் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, 2001 முதல். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்காவும் அப்படியே. மலேசியா இதில் இல்லை. அங்கே மலேசியச் சட்டத்துக்கு உட்பட்ட முறையில் சேர்ப்பிக்க வேண்டும், பெரும்பாலும் ஜோகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் மூலம் செய்வார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே என்று நீங்களே பேருந்து ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றால்? ஹேக் ஒப்பந்தமே முகவரி தெரியாதவருக்குப் பொருந்தாது என்று அதன் முதல் விதியிலேயே சொல்லியிருக்கிறது. அப்போது நீதிமன்றத்திடம் மாற்று முறையில் சேர்ப்பிக்க அனுமதி கேட்க வேண்டும். கடைசியாக இருந்த முகவரியில் ஒட்டுவது, பத்திரிகையில் அறிவிப்பு, மின்னஞ்சல், வாட்ஸாப், ஃபேஸ்புக் என்று எது அந்த மனிதரின் கண்ணில் படும் என்று நியாயமாக நம்பலாமோ அது. 2016-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் ஒரு வணிக வழக்கில், வெளிநாட்டில் இருப்பவருக்கு மின்னஞ்சல், ஸ்கைப், ஃபேஸ்புக் வழியாகச் சேர்ப்பிக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஆக, அக்கா அனுப்பிய வாட்ஸாப் ஒரேயடியாக உதவாத வழி என்றில்லை. அனுமதி வாங்காமல் அனுப்பியதுதான் தவறு. உத்தரவு முதலில், அனுப்புவது பிறகு.

அந்த உத்தரவு சும்மா கிடைக்காது. நேரில் கொடுக்க உண்மையாகவே முயன்றீர்கள் என்று காட்ட வேண்டும். மாமியாரிடம் கேட்டேன், பழைய முதலாளியிடம் கேட்டேன், நண்பர்களிடம் கேட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது; யாரிடம், எந்தத் தேதி, என்ன பதில் என்று எழுதி வைத்த குறிப்பும் அனுப்பிய குறுஞ்செய்திகளின் படமும் வேண்டும். வாட்ஸாப் கேட்கிறீர்கள் என்றால் அந்த எண் அவருடையதுதான், இப்போதும் பயன்படுத்துகிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த அக்காவின் நீல டிக் இங்கேதான் உதவும், அதனால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள் என்று சொன்னேன். எதுவுமே பலிக்காது என்று நீதிமன்றத்துக்குத் தெளிவானால் சேர்ப்பிப்பதில் இருந்தே விலக்குக் கொடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது கடைசிக் கதவு. இருக்கும் இடம் தெரிந்தும் தெரியாது என்று சொல்லி அந்தக் கதவைத் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கும். பொய்யான அஃபிடவிட் குற்றம். போதாததற்கு, கிடைத்த தீர்ப்பையும் பிற்பாடு ரத்து செய்யலாம்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஊர். சிங்கப்பூரில் விவாகரத்து கிடைத்துவிட்டது, இங்கே நீங்கள் தனி ஆள். ஆனால் தஞ்சாவூரில் இந்து முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவராக இருந்தால், இந்திய நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் 13ஆம் பிரிவு, வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று பட்டியல் போடுகிறது. இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதிக்கு முரணாக நடந்த வழக்கும் அதில் ஒன்று. 1991-ல் ஒய். நரசிம்ம ராவ் என்பவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சம்மன் கொடுத்தால் மட்டும் போதாது, எதிர்த்தரப்புக்கு வந்து வாதாட உண்மையான வாய்ப்பு இருந்ததா என்று பார்க்க வேண்டும். திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததோ அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணத்தின் பேரில் விவாகரத்து கொடுக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும் என்றது. எதிர்த்தரப்பு சம்மதித்திருந்தால், அல்லது தானாக வந்து வழக்கில் கலந்துகொண்டிருந்தால் நிலைமை வேறு. ஆகவே ஊரில் மறுமணம் செய்யவோ, சொத்து விஷயம் பேசவோ எண்ணம் இருந்தால், சிங்கப்பூர் வழக்கறிஞரோடு ஓர் இந்திய வழக்கறிஞரிடமும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இங்கே பிரிந்தவர், அங்கே இன்னும் மனைவி என்ற நிலையில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அலையும் பெண்களுக்கு யாராவது இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ உள்ள குடும்ப நீதிமன்றத்தில் இருந்து உங்களுக்குச் சம்மன் வருகிறது என்று வையுங்கள். "சிங்கப்பூர்ல இருக்கேன், என்ன செஞ்சுடுவாங்க" என்று மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். முறையாக வந்ததா இல்லையா என்பதை வழக்கறிஞர் பார்க்கட்டும், நீங்கள் உறையை, தேதி முத்திரையை, யார் கொடுத்தார்கள் என்பதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் போகாவிட்டால் அங்கே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடலாம்; பிள்ளை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு என்பதும் அதிலேயே முடிவாகிவிடலாம்.

செலவு பற்றிக் கவலைப்படுகிறவர்கள், சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசியாக இருந்து வருமானம் குறைவு என்றால் லீகல் எய்ட் பீரோவில் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குடும்பச் சேவை நிலையத்தில் போய்ப் பேசினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள், தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

பேப்பர் போய்ச் சேர்ந்து, பதில் வராமல் நாளும் கழிந்தால், வழக்கு எதிர்ப்பில்லாத வழக்காக விசாரணைக்குப் போகும். இடைக்காலத் தீர்ப்பு வரும். அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் இறுதித் தீர்ப்பு, அதற்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. பிள்ளைகள், வீடு, பணம் பற்றிய விஷயங்கள் முடியாமல் இருந்தால் இன்னும் நீளும். இறுதித் தீர்ப்பு கைக்கு வந்ததும் சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கி, ஊரில் காட்ட வேண்டுமானால் சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் (சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா) அப்போஸ்டில் முத்திரையும், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்டும் முத்திரையும், போட்டுக்கொள்ளுங்கள். கூடவே, பேப்பர் சேர்ப்பித்ததற்கான அஃபிடவிட்டின் நகலையும், இந்தியாவில் இருந்து திரும்பி வந்த சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்கி அதே கோப்பில் வையுங்கள். பத்து வருடம் கழித்து ஊரில் ஒருவர் "எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொன்னால், எடுத்துக் காட்ட வேண்டியது அந்த இரண்டு தாள்களைத்தான்.